ஒலிக்கோடும் அதன் அளவுகோலும்

செவிக்கு உரியது ஒலி. கண்ணுக்கு உரியது உருவம். ஒன்றின் தொழிலை மற்றொன்று செய்வதில்லை என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த பாடம். ஆயினும் இன்று ஒலிப்பதிவுக் கூடங்களில் பேச்சையும் பாட்டையும் திருத்தி ஒழுங்கு செய்வோர் செவியை மட்டும் நம்பித் தொழில் புரிவதில்லை. பதிவான ஒலி, கணினித் திரையில் ஏறியும் இறங்கியும் ஓடும் ஒரு கோடாக அவர்கள் கண்முன் நிற்கிறது. அதனை அலைவடிவம் என்பர். ஒரு விசையைத் தட்டினால் அக்கோடு அகன்று விரிகிறது; மற்றொரு விசையைத் தட்டினால் ஒரு மணி நேரச் சொற்பொழிவும் ஒரு சாண் அகலத்திற்குள் ஒடுங்கி விடுகிறது. 'ஸூம்' என்று வழங்கும் இந்தப் பெருக்கலும் சுருக்கலும் கணினியோடு பிறந்த வசதி என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஒலியை மனிதன் கோடாக வரையத் தொடங்கிய காலத்திலேயே, அந்தக் கோட்டில் ஒரு விரற்கடை நீளம் எவ்வளவு நேரத்திற்குச் சமம் என்னும் கேள்வியும் பிறந்துவிட்டது. அக்கேள்விக்குப் பிழையான விடை கண்டதனால், 1860-ஆம் ஆண்டில் பாடப்பட்ட ஆடவர் குரலொன்றை 2008-ஆம் ஆண்டில் உலகம் ஒரு பெண்ணின் குரலாகக் கேட்டது. அவ்வரலாறு அறியத்தக்கது.

அச்சுத் தொழிலாளியின் எண்ணம்

எதுவார் லெயோன் ஸ்காட் டி மார்ட்டின்வில் என்பவர் 1817-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். அச்சகத்தில் எழுத்துக் கோத்தும் அச்சுப்படி திருத்தியும் வாழ்ந்தவர். விஞ்ஞான நூல்களின் அச்சுப்படிகள் அவர் கை வழியே சென்றன. பிழை திருத்துவோர் பெரும்பாலும் எழுத்தைப் பார்ப்பரே அன்றிப் பொருளைப் பாரார். ஸ்காட் பொருளையும் பார்த்தார். சுருக்கெழுத்திலும் அவருக்கு ஈடுபாடு மிகுதி. 1849-ஆம் ஆண்டில் சுருக்கெழுத்தின் வரலாற்றைக் கூறும் நூலொன்றை வெளியிட்டார். எவ்வளவு விரைவாக எழுதினாலும் பேசியவரின் சொல்தான் தாளில் நிற்கும், குரல் நில்லாது என்பது சுருக்கெழுத்துப் பயின்ற எவரும் உணரும் குறையாகும்.

1850-களின் முற்பகுதியில் உடலியல் நூலொன்றின் அச்சுப்படி அவரிடம் வந்தது. அதில் மனிதச் செவியின் உட்பகுதியைக் காட்டும் படங்கள் இருந்தன. வெளியே மடல், உள்ளே மெல்லிய சவ்வு, அச்சவ்வின் நடுக்கத்தை மேலும் உள்ளே கொண்டு செல்லும் சிற்றெலும்புகள். இதே அமைப்பில் ஒரு செயற்கைச் செவியைச் செய்து, சிற்றெலும்பு இருக்கும் இடத்தில் ஓர் எழுதுகோலைப் பொருத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1839-இல், டாகேரின் நிழற்பட முறை அதே பாரிஸ் நகரில் அறிவிக்கப்பட்டிருந்தது. ஒளி தன்னைத் தகட்டில் வரைந்து கொள்ளுமாயின் ஒலி மட்டும் ஏன் தன்னை எழுதிக் கொள்ளக் கூடாது?

1857-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் அவர் தம் கருவிக்குக் காப்புரிமை கோரினார். 'போனாட்டோகிராப்' என்பது அதன் பெயர். ஒலி தானே எழுதும் கருவி என்பது பொருள். பிறகு அது பெற்ற வடிவம் எளியது. பீப்பாய் போன்ற அகன்ற கூட்டின் வாயில் ஒருவர் பேசுவார், அல்லது பாடுவார். கூட்டின் மறுமுனையில் ஒரு சவ்வு இறுகக் கட்டப்பட்டிருக்கும். சவ்வில் ஒரு பன்றிமயிர் பொருத்தியிருக்கும். அம்மயிரின் நுனி, விளக்குப் புகையால் கருக்கிய தாளைத் தொட்டுக் கொண்டிருக்கும். தாள் ஓர் உருளைமீது சுற்றப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றினால் உருளை சுற்றிக்கொண்டே திருகாணி வழியில் சிறிது சிறிதாக நகரும். குரல் எழுந்தால் சவ்வு நடுங்கும். சவ்வு நடுங்கினால் மயிர் நடுங்கும். கருமையின்மேல் வெண்ணிறமான நெளிகோடு விழும்.

இக்கருவி எழுதும்; பேசாது. எழுதியதைத் திரும்ப ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது ஸ்காட்டின் நோக்கமே அன்று. சுருக்கெழுத்தைப் படிப்பது போலவே இந்த நெளிகோட்டையும் மக்கள் கண்ணால் படிக்கக் கற்றுக் கொள்வர், பெரும் நடிகர்களின் பேச்சுநயம் இவ்வாறு வருங்காலத்தாருக்கு எட்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. நெளிகோட்டைச் சொல்லாகப் படிக்க அவராலும் முடியவில்லை, பிறராலும் முடியவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1877-இல், அமெரிக்காவில் எடிசன் வெள்ளீயத் தகட்டில் குரலைப் பதித்து அதனைத் திரும்பவும் ஒலிக்கச் செய்தார். உலகம் எடிசனைப் போற்றியது. ஸ்காட் 1878-இல் தம் செலவிலேயே ஒரு நூல் அச்சிட்டுத் தம் முன்னுரிமையை வாதாடினார். மறு ஆண்டே இறந்து போனார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது எனினும், ஒலியை எழுதுவதும் ஒலியை எழுப்புவதும் இருவேறு செயல்கள் என்பதை அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அவ்வாதம் இன்னும் வலிமை பெற்றிருக்கும்.

இசைக்கவை இட்ட கோடு

ஸ்காட்டின் கருவியில் ஒரு பெருங்குறை இருந்தது. உருளையைச் சுழற்றுவது மனிதக் கை. கை ஒரே சீராகச் சுழலாது. ஒரு சுற்று விரைவாகவும் மறுசுற்று மெதுவாகவும் போகும். விரைந்த இடத்தில் அலைகள் அகன்று விழும்; தயங்கிய இடத்தில் நெருங்கி விழும். அப்படியானால் அலை அகன்றது குரல் தாழ்ந்ததனாலா, கை விரைந்ததனாலா? கோட்டை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலாது.

ஒலிக்கும் காலத்தை அளந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் மாத்திரையின் அளவாகக் கொண்டார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் கணக்கு. செவியால் கேட்டு உணரும் மொழிக்கு அவ்வளவு போதும். தாளில் விழுந்த நெளிகோட்டுக்கோ கண்ணிமையினும் பன்மடங்கு நுண்ணிய அளவு வேண்டியிருந்தது.

அந்த அளவை இசைக்கவை தந்தது. இரு கவர் கொண்ட இந்த எஃகுக் கருவியைத் தட்டினால் அது ஒரு வினாடிக்கு இத்தனை முறை என்று மாறாது அதிரும். அதிரும் பொருளொன்றைச் சுழலும் உருளையில் எழுதச் செய்து காலத்தை அளக்கலாம் என்று இங்கிலாந்தின் தாமஸ் யங் 1807-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஸ்காட் 1859, 1860-ஆம் ஆண்டுகளில் இசைக்கவையைத் தம் கருவியோடு இணைத்தார். குரல் ஒரு கோடு இட, அதன் பக்கத்திலேயே இசைக்கவை மற்றொரு கோடு இட்டது. இப்போது கை எவ்வாறு சுழன்றாலும் கவலை இல்லை. கை விரைந்தால் இரு கோடுகளும் சேர்ந்தே அகலும். தயங்கினால் சேர்ந்தே நெருங்கும்.

கணக்கு மிக எளியது. இசைக்கவை வினாடிக்கு 250 முறை அதிர்வதாகக் கொள்வோம். தாளில் அதன் 25 அலைகள் அடங்கிய இடம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் குரற்கோட்டில் 20 அலைகள் இருந்தால், அக்குரல் வினாடிக்கு 200 முறை அதிர்ந்தது என்று அறியலாம். தாளின் நீளத்தை அளக்கும் தேவையே இல்லை. சுழன்ற வேகமும் தெரிய வேண்டியதில்லை. ஒலிக்கோட்டுக்குத் துணையாக நின்ற அந்த இரண்டாவது கோடுதான் அதன் அளவுகோல்.

இன்னொரு நெருக்கடியும் அவருக்கு இருந்தது. உருளையை விரைவாகச் சுழற்றினால் ஒவ்வோர் அதிர்வும் தனித்தனியே தெளிவாகத் தெரியும். ஆனால் பாட்டில் சிறு பகுதி முடிவதற்குள் தாள் தீர்ந்துவிடும். மெதுவாகச் சுழற்றினால் நெடும்பாட்டும் தாளில் அடங்கும்; ஆனால் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி வெறும் வெண்பட்டையாகத் தோன்றும். இன்றைய கணினியில் இவ்விரண்டில் எதை வேண்டுமாயினும் பதிவுக்குப் பின் தேர்ந்து கொள்ளலாம். மனம் மாறினால் மாற்றியும் கொள்ளலாம். ஸ்காட் அதனைப் பாடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மயிர்நுனி ஒருமுறை கீறிச் சென்றபின் அந்த அளவே நிலைத்தது.

ஸ்காட்டின் கருவியைச் செப்பம் செய்து விற்பனைக்குக் கொண்டு வந்தவர் பாரிஸில் தொழில் நடத்திய ருடோல்ப் கோனிக். இசைக்கவை செய்வதில் அவருக்கு நிகர் அக்காலத்தில் எவரும் இலர். அவர் வழியாகவே இக்கருவி பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் சென்றது. அமெரிக்காவில் அதனைக் கண்டவர்களுள் ஒருவர், செவிடரான பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்து வந்த ஆசிரியர் அலெக்சாந்தர் கிரகாம் பெல். தாம் எழுப்பும் ஒலியின் வடிவத்தைப் பிள்ளைகள் கண்ணால் கண்டால் உச்சரிப்பைத் திருத்திக் கொள்வர் என்பது அவர் கருத்து. 1874-இல் பாஸ்டன் நகரின் செவி மருத்துவர் கிளாரன்ஸ் பிளேக்கின் உதவியால், இறந்த ஒருவரின் உண்மைச் செவியையே பெற்று, அதன் சிற்றெலும்பில் வைக்கோல் துரும்பைப் பொருத்திக் கருக்கிய கண்ணாடியில் எழுதச் செய்தார். ஸ்காட் படத்தில் பார்த்துச் செய்ததைப் பெல் செவியைக் கொண்டே செய்துவிட்டார்! அவ்வளவு மெல்லிய சவ்வு அவ்வளவு கனமான எலும்புகளை அசைக்கிறதே என்ற வியப்பு, தொலைபேசியைப் பற்றிய அவருடைய எண்ணத்திற்கு உரமாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் கரித்தாளின் இடத்தை ஒளியும் நிழற்படமும் பிடித்தன. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறையில் பணியாற்றிக் கொண்டே ஆய்வு செய்த நாளில், செல்லோ என்னும் பெரிய பிடில் வாத்தியத்தின் 'ஓநாய்ச் சுரம்' என்ற குறையை 1916-இல் இவ்வாறே ஆராய்ந்தார். குறிப்பிட்ட ஒரு சுரத்தில் வில்லை இழுத்தால் வாத்தியம் ஊளையிடுவதுபோல விம்மித் தணியும். தந்தியின் அதிர்வையும் வாத்திய உடலின் அதிர்வையும் ஒரே சமயத்தில் அவர் நிழற்படத்தில் வரையச் செய்தார். ஒவ்வோர் அதிர்வும் தெரிய வேண்டும். அவ்வதிர்வுகள் கூட்டமாகப் பெருத்துச் சிறுப்பதும் தெரிய வேண்டும். மிக விரித்தால் இரண்டாவது மறையும். மிகச் சுருக்கினால் முதலாவது மறையும். இரண்டும் தெரியும் அளவைத் தேர்ந்ததில்தான் அவ்வாய்வின் வெற்றி பாதி அடங்கியிருந்தது எனலாம்.

பதினெட்டரை நிமிடம்

ஒலிக்கோட்டை விரித்துப் பார்ப்பது ஆய்வுக்கூடத்து விளையாட்டன்று, ஒரு நாட்டின் ஆட்சியையே தொடும் காரியம் என்பதை 1973-ஆம் ஆண்டு காட்டியது. முந்திய ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சியின் அலுவலகத்தில் நள்ளிரவுக்குப் பின் நுழைந்தோர் பிடிபட்டனர். மூன்றாம் நாள், ஜூன் 20-இல், அதிபர் நிக்சன் தம் தலைமை உதவியாளர் ஹால்டிமனுடன் உரையாடினார். வெள்ளை மாளிகையில் மறைவாக வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி அதனைப் பதிவு செய்தது. நீதிமன்றம் அந்த நாடாவைக் கேட்டபோது, அதில் 18½ நிமிடம் பேச்சே இல்லை. வெறும் ரீங்காரம் மட்டுமே இருந்தது. தொலைபேசியில் பேசுகையில் தம் கை தவறிப் பதிவு விசையில் பட்டிருக்கலாம் என்றும், அதுவும் ஐந்து நிமிட அளவே இருக்கும் என்றும் அதிபரின் செயலாளர் கூறினார்.

நீதிபதி சிரிக்கா ஆறு நிபுணர்களிடம் நாடாவை ஒப்படைத்தார். அவர்களுள் ஒருவர் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஸ்டாக்ஹாம். மேலோட்டமாகப் பார்த்தால் 18½ நிமிடமும் ரீங்காரமாகவே தெரியும். அந்த அகலத்தில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆயின் நாடாவை அழிக்கும் கருவியில் அழிப்பு முனை, பதிவு முனை என இரண்டு உண்டு. பதிவு தொடங்கும்போதும் நிற்கும்போதும் அம்முனைகள் நாடாவில் ஒரு சிறு தடத்தை விட்டுச் செல்லும். மிகக் குறுகிய நேரத் துடிப்பு அது. கோட்டை விரித்துப் பார்த்தாலன்றிக் கண்ணுக்கு அகப்படாது. நிபுணர்கள் விரித்துப் பார்த்தனர். நாடாவின் காந்தத் தடங்களையும் வெளிப்படுத்திப் பார்த்தனர். ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் அல்ல, பல தொடக்கங்களும் முடிவுகளும் அங்கே இருந்தன. குறைந்தது ஐந்து முறை, ஒருவேளை ஒன்பது முறை, பகுதி பகுதியாக அழிக்கப்பட்டுள்ளது. விசைகளைக் கையால் இயக்கினாலன்றி அது நிகழாது என்று 1974 ஜனவரி 15-ஆம் நாள் நீதிமன்றத்தில் அறிவித்தனர். அழித்தவர் யார் என்பதை ஒலிக்கோடு கூறவில்லை. அது கூறும் பொருளும் அன்று. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் நிக்சன் பதவி துறந்தார். அந்தப் பதினெட்டரை நிமிடப் பேச்சு என்ன என்பதை எவரும் மீட்டதில்லை.

அதே ஸ்டாக்ஹாம் 1975-ஆம் ஆண்டில் 'சவுண்ட்ஸ்ட்ரீம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஒலியை எண்களாக மாற்றிப் பதியும் தொழிலில் இறங்கினார். 1970-களின் இறுதியில் அவர் நிறுவனத்தார் அமைத்த தொகுப்புக் கருவியில் கணினியும், ஒலி அலைகளைக் காட்டும் திரையும் இருந்தன. நாடாவைப் பிளேடால் அறுத்து ஒட்டும் பழைய வழக்கத்திற்கு மாற்றாக, அலையைக் கண்ணால் பார்த்து வெட்டும் இடத்தைக் குறிக்கும் வழக்கம் இவ்வாறு தொழிலுக்குள் வந்தது. 1985-இல் 'சவுண்ட் டிசைனர்' என்ற மென்பொருள் மேசைக் கணினியிலேயே அலைவடிவத்தைக் காட்டியது. 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அடாசிட்டி' அதனை எவரும் இலவசமாகப் பெறும்படி செய்துவிட்டது.

சுருக்கப் படம் காட்டாதவை

ஒரு குறுந்தட்டில் ஒரு வினாடி ஒலி 44,100 எண்களாகப் பதிவாகிறது. ஒரு மணி நேரத்திற்கு 15 கோடியே 87 இலட்சத்து 60 ஆயிரம் எண்கள். திரையின் அகலத்திலோ ஓராயிரம் புள்ளிகளே உள்ளன என்று வைத்துக் கொண்டால், ஒவ்வொரு புள்ளிக்கும் 1,58,760 எண்கள் வந்து முட்டுகின்றன. அத்தனையையும் ஓரிடத்தில் வரைய முடியுமா? முடியாது. ஆகவே மென்பொருள் ஒரு தந்திரம் செய்கிறது. அந்தக் கூட்டத்தில் மிக உயர்ந்த எண் எது, மிகத் தாழ்ந்த எண் எது என்று மட்டும் பார்த்து, இரண்டுக்கும் இடையே ஒரு நிலைக்கோட்டை இழுத்துவிடுகிறது. அடாசிட்டியில் இதற்கென 256 எண்களுக்கு ஒரு சுருக்கமும், 65,536 எண்களுக்கு ஒரு சுருக்கமும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் முறை அமைந்தது. விசையைத் தட்டிய உடனே நெடும்பதிவும் திரையில் விரிந்து சுருங்குவதன் இரகசியம் இதுவே. உயர்வு தாழ்வுகளோடு சராசரி வலிமையையும் அது கணக்கிட்டு, கருநீலத்தின் நடுவே இளநீலமாகக் காட்டியது.

ஆகவே சுருங்கிய நிலையில் காண்பது ஒலியின் வடிவமே அன்று. ஒலியைப் பற்றிய குறிப்பு. நூலின் பொருளடக்கத்தைப் பார்த்து அதன் நடையைக் கூற முற்படுவோர் உண்டா? எந்த இடத்தில் பேச்சு, எங்கே கைதட்டல், எங்கே நெடிய மௌனம் என்று அறிய அந்தக் குறிப்பு உதவும். வெட்டுவதற்கு உதவாது. கோட்டை விரிக்க விரிக்கப் பட்டை பிளந்து அலையாகிறது. வினாடிக்கு 125 முறை அதிரும் ஆடவர் குரலாயின் ஓர் அலைக்கு ஏறத்தாழ 353 எண்கள். இன்னும் விரித்தால் ஒவ்வோர் எண்ணும் தனிப்புள்ளியாகவே தெரிகிறது. இந்த நிலையில்தான் அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தைக் கண்டு வெட்ட முடியும். மேட்டிலோ பள்ளத்திலோ வெட்டி ஒட்டினால் 'டிக்' என்றொரு சத்தம் காதில் அறையும். ஆனால் இந்த நிலையிலேயே நின்றுவிட்டாலோ, எந்தச் சொல்லின் நடுவில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். தேர்ந்த தொகுப்பாளர் இரு நிலைக்கும் இடையே ஓயாது போய் வந்துகொண்டிருப்பதன் காரணம் இதுதான். கண்ட்ரோல் விசையுடன் 1 என்பதைத் தட்டுவதும், 3 என்பதைத் தட்டுவதும் அவருக்குக் கைப்பழக்கம்.

அகலத்தைப் போலவே உயரத்தையும் பெருக்கலாம். மெல்லிய குரல் திரையில் மட்டக்கோடாகத் தோன்றும். உயரத்தைப் பெருக்கினால் அதன் நெளிவு புலப்படும். படம்தான் பெருக்கிறதே தவிர ஒலி பெருக்கவில்லை என்பதைப் புதியவர்கள் மறந்து ஏமாறுவது வழக்கம்.

தமிழ்ப் பேச்சைத் தொகுப்போர்க்கு மற்றொரு கண்ணியும் உண்டு. 'பத்து', 'பாட்டு', 'அக்கா' ஆகிய சொற்களைப் பதிவு செய்து பார்த்தால், நடுவிலுள்ள வல்லொற்று இரட்டிக்கும் இடத்தில் கோடு மட்டமாகி விடுகிறது. நாவோ அண்ணமோ மூச்சை அடைத்து நிற்கும் மௌனம் அது. தொடர்ந்து பேசும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பெரும்பாலும் இந்த அளவு இடைவெளிகூட இருப்பதில்லை. சற்றே சுருங்கிய படத்தைப் பார்ப்பவர் சொல்லின் நடுவை இரு சொற்களின் எல்லையென்று கொண்டு வெட்டி விடுவார். மௌனத்தைத் தானே கண்டு நீக்குமாறு மென்பொருளை ஏவினாலோ, நீக்கும் அளவைப் பொறுத்து, 'பாட்டு' என்பதன் ஒற்றே உதிர்ந்துபோகக் கூடும். ஒலியில்லாத ஒற்றுக்கும் அரை மாத்திரை உண்டு என்ற நம் இலக்கண விதியைக் கணினி அறியாது.

ஆடவரா, பெண்ணா?

இனி ஸ்காட்டின் கரித்தாளுக்குத் திரும்புவோம். அவர் பதிவு செய்த தாள்கள் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் ஆவணக் காப்பில் நூற்றைம்பது ஆண்டு அளவாக உறங்கிக் கிடந்தன. அமெரிக்க ஒலி வரலாற்று ஆய்வாளர்களான டேவிட் ஜியோவன்னோனியும் பாட்ரிக் பீஸ்டரும் அவற்றைத் தேடிச் சென்றனர். 1860 ஏப்ரல் 9-ஆம் நாளிட்ட ஒரு தாளில், பிரான்ஸ் நாட்டுக் குழந்தைகள் யாவரும் அறிந்த 'ஓ கிளேர் த லா லூன்' என்னும் நாட்டுப்பாடலின் ஒரு பகுதி இருந்தது. தாளை நுண்மையாகப் படமெடுத்தனர். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர், ஏர்ல் கார்னெல் ஆகிய இருவரும், பழைய இசைத்தட்டுகளை ஊசி தொடாமலே படமெடுத்து ஒலிக்கச் செய்யும் முறையை முன்பே வகுத்திருந்தனர். அம்முறை இப்போது கரித்தாளுக்குப் பயன்பட்டது. கணினி நெளிகோட்டைப் பின்பற்றிச் சென்றது. பக்கத்தில் ஓடிய இசைக்கவைக் கோட்டைக் கொண்டு, கை விரைந்த இடத்தையும் தயங்கிய இடத்தையும் சீர்ப்படுத்தினர்.

2008-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஒலிப்பதிவு ஆய்வாளர் மாநாட்டில் அந்தப் பாட்டு ஒலித்தது. பத்து வினாடி அளவே நீண்டது. எழுதப்பட்ட நாளில் எவர் செவியிலும் ஒலிக்காத பதிவு அது. எடிசனின் கருவிக்குப் பதினேழு ஆண்டு முற்பட்டது. மெல்லிய, கீச்சான குரல். ஒரு பெண்ணோ சிறுமியோ பாடுவது போலிருந்தது. ஸ்காட்டின் மகளாக இருக்கலாம் என்றுகூடக் கருதினர். செய்தித்தாள்கள் அதனை உலகெங்கும் பரப்பின.

மறு ஆண்டு அதே ஆய்வாளர்கள் தம் கணக்கைத் தாமே திருத்தினர். பிழை எங்கே நேர்ந்தது? இசைக்கவை வினாடிக்கு 500 அதிர்வு உடையது என்று ஸ்காட்டின் குறிப்புக் கூறியது. இன்றைய வழக்கில் ஓர் அதிர்வு என்பது போய் மீண்டு வரும் முழு அசைவு. அக்காலப் பிரெஞ்சு விஞ்ஞானிகளோ போவதை ஒன்றாகவும் வருவதை ஒன்றாகவும் எண்ணினர். அவர்கள் அதனை ஒற்றை அதிர்வு என்றனர். 1859-இல் பிரெஞ்சு அரசாங்கம் சங்கீதத்திற்கு ஒரு பொதுச்சுருதி வகுத்தபோதும் 870 ஒற்றை அதிர்வு என்றே விதித்தது. இன்றைய கணக்கில் அது 435. அவ்வாறே ஸ்காட்டின் 500 என்பதும் உண்மையில் 250. அளவுகோலை இருமடங்காகக் கொண்டதனால் பாட்டு இருமடங்கு விரைந்தது. குரலும் இருமடங்கு உயர்ந்தது.

ஆராய்ச்சியாளர்களின் செவி இதனை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கலாம். பிழை சரியாக இரு மடங்காக இருந்ததே காரணம். அதிர்வு இருமடங்கானால் சுரம் மாறுவதில்லை. மேல் ஸ்தாயியில் அதே சுரம் ஒலிக்கும். எனவே பாட்டின் மெட்டுச் சிதையவில்லை. அறிந்த பாட்டு அறிந்தவாறே வந்தது. கேட்டவர்கள் ஐயுற இடமே இல்லை. ஒன்றரை மடங்காகப் பிழைத்திருந்தால்கூட மெட்டின் உறவு கெடாது. சுருதி மட்டுமே வேறாகியிருக்கும். பாட்டைக் கேட்டுக் காலத்தைத் திருத்த இயலாது. காலத்தை இசைக்கவைக் கோடுதான் சொல்ல வேண்டும், அக்கோட்டை எப்படி எண்ணினார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

திருத்திய பதிவு இருபது வினாடி அளவு நீண்டது. இம்முறை ஒலித்தது ஆடவரின் குரல். நிதானமாக, ஒவ்வோர் அசையாக நிறுத்திப் பாடியது. கருவியின்முன் நின்று கைப்பிடியைச் சுழற்றிய ஸ்காட்டே பாடியிருக்க வேண்டும் என்று இப்போது கருதுகின்றனர். 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவருடைய கரித்தாள்களை உலக நினைவேட்டில் சேர்த்துக் கொண்டது.

1857-ஆம் ஆண்டின் தாள்களும் அவற்றுள் உள்ளன. இசைக்கவையைச் சேர்ப்பதற்கு முன் வரைந்தவை அவை. அவற்றில் குரற்கோடு இருக்கிறது; அதன் பக்கத்தில் ஓட வேண்டிய மற்றொரு கோடு இல்லை. எந்த அகலத்திற்கு விரித்துப் பார்த்தாலும், அன்று அந்தக் கை எவ்வளவு வேகத்தில் சுழன்றது என்பதை அத்தாள்கள் சொல்வதில்லை.